தோழிக்குத் தனி வரவு உண்டா?

(சங்கத்தின் நூற்றாண்டையொட்டிப் பழுகாமத்தில் நடந்த ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



கணினி விளையாட்டுகளால் எங்கள் பிள்ளைகளுக்கு வந்திருக்கும் கேடு என்ற தலைப்பில் பேசும்படிதான் முதலில் எங்களைக் கேட்டார்கள். கேட்டைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நன்றாகவும் பேசுகிறார்கள். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் திருப்பித் தரும்படி வேண்டினோம். செயற்குழு சம்மதித்தது. என்ன பேசப் போகிறோம் என்று தெரியாமல்தான் சம்மதித்திருக்க வேண்டும்.

நாங்கள் என்று சொல்வது மூன்று பேரை. மூவரும் பழுகாமத்துப் பிள்ளைகள், ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. ஒருத்தி தமிழ் படிப்பிக்கிறாள், ஒருத்தி மட்டக்களப்பில் வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி ரொறொன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். உரையை மூவரும் சேர்ந்து எழுதினோம். எந்த வரி யாருடையது என்று பின்னர் வந்து கேட்கவேண்டாம், அதில் எங்களுக்குள்ளேயே இன்னும் ஒரு தீர்ப்பு இல்லை.

ரொறொன்ரோக்காரியின் மகள் ஒரு விளையாட்டு விளையாடுவாள். தாய் வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்ப்பாள். முதலில் பார்த்தது வாள், நெருப்பு, பறவை நாகம். மூன்றாம் நாள் பார்த்தபோது ஒரு முகாம். நெருப்பு மூட்டியிருக்கிறது, அதைச் சுற்றி ஐந்தாறு பேர். மகள் ஒவ்வொருவரிடமும் போய்ப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலம் வாளே எடுக்கவில்லை. "என்ன பிள்ளை, இண்டைக்குச் சண்டை இல்லையா?" என்று கேட்டதற்கு, "அம்மா, இவ என்னோட கோவமா இருக்கா. அதைத் தீர்க்காமல் நாளைக்குப் போகேலாது" என்று பதில் வந்தது. அந்த ஒரு பதிலில் இருந்துதான் இந்தப் பேச்சு கிளம்பியது. தொலைபேசியில் மற்ற இருவருக்கும் சொல்ல, தமிழ் ஆசிரியை உடனே சொன்னாள்: "இது ஊடல் தீர்க்கிறது. ஆனால் தலைவனோடு இல்லை, தோழியோடு."

அந்த விளையாட்டின் பெயர் டிராகன் ஏஜ். கனடாவின் எட்மன்டன் நகரில் 1995இல் தொடங்கிய பயோவெயார் என்ற நிறுவனம் செய்வது. தொடங்கியவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள் என்பது பிள்ளைகளை டொக்டராக்கியே தீருவோம் என்றிருக்கும் எங்கள் சனத்துக்குச் சொல்லவேண்டிய செய்தி. தொடரின் முதல் விளையாட்டு 2009இல் வந்தது. அடுத்தவை 2011, 2014, 2024. பதினைந்து வருடங்களாக நாலு பெரிய கதை. ஆடுகிறவர் ஒரு நாயகனையோ நாயகியையோ எடுத்துக்கொள்கிறார். கூட வரப் பலர் இருப்பார்கள். ஆனால் வெளியே போகும்போது இரண்டு மூன்று பேரைத்தான் அழைத்துச் செல்ல முடியும். மற்றவர்கள் முகாமில் இருக்கவேண்டும். இப்படிக் கூட வருகிறவர்களை நாங்கள் கூட்டாளிகள் என்று சொல்லப்போகிறோம். எங்கள் ஊரில் அதற்கு அதைவிட நல்ல சொல் இல்லை.

அதே நிறுவனம் அதற்கு முன்பு பால்டர்ஸ் கேட் என்று ஒன்றைச் செய்தது. 1998இல் வந்த அதன் முதற்பாகத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடிய கூட்டாளிகள் 25 பேர். ஆனால் ஒவ்வொருவருக்கும் கொஞ்ச வசனந்தான். ஒருவர் திருடுவார், ஒருவர் மந்திரம் போடுவார், ஒருவர் அடிபடுவார். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஆட்கள் குறைந்தார்கள், கதை கூடியது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டுப் பிரச்சினை, ஒரு பழைய கடன், ஒரு துக்கம். எழுதுகிறவர்கள் கற்றுக்கொண்ட முதற்பாடம் இதுவாக இருக்கவேண்டும்: கைக்கு உதவுகிற ஆளை எத்தனை பேரைச் சேர்த்தாலும் சனம் மறந்துவிடும். தனக்கென்று ஒரு அலுவல் உள்ள ஒருத்தியை மறக்காது.

டிராகன் ஏஜின் முதற்பாகத்தில் ஸ்டென் என்று ஒருவர் வருவார். நெட்டையானவர், பேசமாட்டார். ஒரு கமக்காரக் குடும்பத்தைக் கொன்றதற்காகக் கூண்டில் அடைபட்டிருப்பவர். கூண்டிலிருந்து எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாலும் நன்றி சொல்லமாட்டார், நாயகன் செய்வதெல்லாம் மடத்தனம் என்ற முகத்தோடு வருவார். மெல்ல மெல்லப் பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும்: அவர் காயப்பட்டு விழுந்து கண்விழித்தபோது வாள் காணாமல் போயிருந்தது. அவருடைய நாட்டு வழக்கத்தில் வாளைத் தொலைத்த வீரன் ஊருக்குத் திரும்ப முடியாது. அந்தப் பதற்றத்தில் செய்த கொலைகள். வாளைத் தேடிக் கொடுப்பது கதைக்கு அவசியமே இல்லை. தேடிக் கொடுக்காமலே விளையாட்டை முடிக்கலாம். தேடிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்த ஆள் யார் என்று தெரியும். அவர் செய்த கொலைக்கு அது மன்னிப்பு ஆகாது என்பதையும் எழுதினவர்கள் மறைக்கவில்லை.

இன்னொரு ஏற்பாடும் அதில் உண்டு. ஒவ்வொரு கூட்டாளியின் மனதுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, சகம் 100 முதல் 100 வரை. நாயகன் செய்வது பிடித்தால் ஏறும், பிடிக்காவிட்டால் இறங்கும். மிகவும் இறங்கினால் போய்விடுவார்கள். எல்லைகள் சிலவற்றை மீறினால் கணக்குப் பார்க்காமலே திரும்பி நிற்பார்கள். ஒரு புனிதமான சாம்பற் பேழையை நாயகன் மாசுபடுத்தினால், பக்தியுள்ள இரண்டு பெண்கள் அவ்விடத்திலேயே அவன்மேல் ஆயுதம் எடுப்பார்கள். அதுவரை எத்தனை நாள் கூட நடந்தார்கள் என்பது கணக்கில் வராது.

இது எங்களுக்குப் புதிதா? கர்ணன் கூத்துப் பார்த்த எவருக்கும் சல்லியனைத் தெரியும். பதினேழாம் நாள் போரில் கர்ணனுக்குத் தேர் ஓட்டுகிறவன். அவனாக வந்தவன் அல்லன், மனமில்லாமல் வந்தவன். நாகாஸ்திரத்தைக் கழுத்துக்கு வையாதே, மார்புக்கு வை என்று சொல்கிறான். கர்ணன் கேட்கவில்லை. கண்ணன் தேரை அழுத்த, முடி போகிறது, அருச்சுனன் தப்புகிறான். எங்கள் தமிழ் வழக்கில் சல்லியன் கோபித்துக்கொண்டு தேரை விட்டு இறங்கிப் போய்விடுவான். சகம் 100. கர்ணன் கொடையாளி, மாவீரன், அவனுக்காக நாங்கள் அழுகிறோம். ஆனாலும் அந்தக் கட்டத்தில் சல்லியன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை எழுதினவர்கள் ஒளிக்கவில்லை. நாயகனோடு முரண்படுகிறவன் சரியாகவும் இருக்கலாம் என்று விட்டுவைத்தபடியால்தான் அவன் வெறும் தேர்ப்பாகன் ஆகவில்லை.

ஆனால் இதெல்லாம் ஆண்கள் விஷயம். கூத்தில் பெண்ணுக்குக் கூட்டாளியாக வருகிற தோழியின் கதி என்ன?

மட்டக்களப்புக் கூத்தை ஆடத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரிந்தவர்கள் நாங்கள். வடமோடியோ தென்மோடியோ, ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது அதற்கு ஒரு வரவு உண்டு. அந்தப் பாத்திரத்தின் குணத்துக்கு ஏற்ற வரவுத்தாளம், வரவாட்டம். அண்ணாவியார் மத்தளத்தில் தாளத்தை எடுத்தவுடனே, வருகிறது அரசனா, பெண்ணா, முனிவனா என்று பாயில் கிடக்கும் கிழவிக்கும் கண்ணைத் திறக்காமல் தெரியும். வந்தவர் தான் யாரென்று தானே பாடிச் சொல்வார். பின்னால் நிற்பவர்கள் பிற்பாட்டுப் பாடுவார்கள். எழுத்தாளர் ஒருவர் பத்துப் பக்கத்தில் செய்கிற வேலையைத் தாளம் அரை நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் நாங்கள் பார்த்த கூத்துகளில் தோழிக்குத் தனி வரவு இருந்ததாக எங்களுக்கு ஞாபகமில்லை. இளவரசியின் வரவில் ஒட்டிக்கொண்டு வருவாள். அதாவது வருவான், பெண் வேடமும் ஆண்கள்தானே போட்டார்கள். இளவரசி கேட்டால் பதில் சொல்லுவாள். பிறகு நிற்பாள்.

இதை எங்கள் கூட்டாளி ஒருத்தியிடம் சொன்னோம். எங்கள் வாங்கில் நாலாவதாக இருந்தவள். பெயர் சொல்லக்கூடாது என்பது அவளுடைய கட்டளை. அவளின் அப்பப்பா மத்தளம் அடித்தவர், ஏட்டுக் கொப்பிகள் வீட்டில் இருந்தன, ஆடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள். அவள் சொன்னது: "தோழி வேசம்தான் புள்ள கஷ்டம். சட்டம் குடுக்கக்குள்ள ஒருத்தரும் கேட்கமாட்டாங்க. ராசாவுக்கு ஆட்டம் இருக்கு, பாட்டு இருக்கு, களைச்சா உள்ள போயிருவாரு. தோழி சலங்கையைக் கட்டிக்கொண்டு விடிய விடிய நிக்கணும். அடுத்தவ அழக்குள்ள சனம் அவளையும் பார்க்கும். நிக்கிறதும் ஆட்டந்தான்." மத்தளக்காரரின் பேத்தி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் மூவரும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தோம் என்பது பிறகுதான் தெரியவந்தது.

அவள் சொன்னது கூத்துக்கு மட்டும் உரியதல்ல. அகப்பாடல்களில் தோழி எவ்வளவு பேசுகிறாள். தலைவனை வரைவு கடாவுகிறாள், வீட்டாரிடம் அறத்தொடு நிற்கிறாள், பரத்தையிடம் போய்வந்தவனுக்கு வாயில் மறுக்கிறாள். தலைவி வாய்திறக்கக் கூசுகிற இடத்திலெல்லாம் அவள் வாய். செவிலியின் மகள்தான் தோழி என்று தொல்காப்பியம் அவளுக்கு ஒரு தாயையும் கொடுத்திருக்கிறது. பெயர் இல்லை என்று குறைசொல்ல முடியாது. அகத்திணையில் தலைவிக்கும்தான் பெயர் இல்லை. குறை வேறு இடத்தில். இத்தனை பாடல்களில் அந்தத் தோழிக்கு ஒரு காதல் உண்டா? அவள் யாருக்காகக் காத்திருந்தாள்? அவளுக்கு யார் தோழி? ஒருவரும் கேட்கவில்லை. வேலைக்கு மட்டும் எழுதப்பட்டவள். 1998இன் 25 பேர் மாதிரி.

கேட்டவர் இளங்கோ. எங்கள் வாவிக்கரை முழுவதும் வைகாசியில் கண்ணகிக்குக் கதவு திறந்து குளிர்த்தி பாடுகிறோம், அவளின் கூட்டாளிகளை எத்தனை பேர் நினைக்கிறோம்? தேவந்தியை எடுங்கள். கோவலன் பிரிந்திருக்கும்போது கண்ணகி தான் கண்ட தீக்கனவைச் சொல்வது அவளிடம்தான். தேவந்தி ஒரு வழி சொல்கிறாள்: இரண்டு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் சேர்வான். கண்ணகி, அது எனக்குப் பெருமையல்ல என்று மறுக்கிறாள். இந்த இடத்தைப் பள்ளிக்கூடத்தில் கண்ணகியின் கற்புக்கு உதாரணமாகப் படித்தோம். தேவந்தியின் பக்கம் நின்று இப்போது படித்துப் பாருங்கள். அவளுடைய கணவன் சாத்தன் என்ற தெய்வம். மனித உருவில் எட்டு வருடம் கூட வாழ்ந்துவிட்டு, தன் உருவைக் காட்டி, தீர்த்தயாத்திரை என்ற பெயரில் போய்விட்டவன். அவனுடைய கோட்டத்துக்கு அவள் நாளும் போய்க்கொண்டிருக்கிறாள். கணவன் திரும்புவதற்கு வழி சொல்கிறவள் தானே கணவன் திரும்பாதவள். அவள் சொன்ன வழி அவளுக்குப் பலித்திருக்கிறதா? இளங்கோ சொல்லவில்லை. சொல்லாமல் அவளைக் கண்ணகியின் முன்னால் இருத்திவிட்டார். தன் துக்கத்தோடு வந்து இன்னொருத்தியின் துக்கத்துக்கு மருந்து சொல்கிற ஒரு பெண். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

கவுந்தியடிகள் இன்னொரு வகை. மதுரைக்குப் போகும் வழி முழுவதும் கூட நடந்த சமணத் துறவி. வழியில் இரண்டு தூர்த்தர்கள், இவர்கள் யார் என்று கேட்க, என் மக்கள் என்கிறார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவர்கள் பகடி பண்ண, நரிகளாகப் போகும்படி சபித்துவிடுகிறார். எறும்புக்கும் தீங்கு நினைக்கக்கூடாத துறவி! கண்ணகியும் கோவலனும் இரங்கிக் கேட்க, சாபத்துக்கு ஓராண்டு என்று எல்லை வைக்கிறார். கூட்டாளிக்கு ஒரு கோபத்தையும், அந்தக் கோபம் அவளுடைய விரதத்துக்கே எதிராக நிற்பதையும் எழுதினால், அது ஆள். பிறகு இடைச்சியர் தலைவி மாதரியிடம் கண்ணகியை அடைக்கலம் கொடுத்துவிட்டு அவர் கதையிலிருந்து விலகுகிறார்.

மற்றக் காவியங்கள் அத்தோடு விட்டுவிடும். இளங்கோ விடவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகிறார், அடைக்கலத்தைக் காக்க முடியாத மாதரி தீயில் புகுகிறாள். இதெல்லாம் நடக்கும்போது கதை கண்ணகியின் பின்னால் போய்விட்டது. பின்னர் மாடலன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவருகிறது. நாயகி இல்லாத இடத்திலும் கூட்டாளிகள் வாழ்ந்துகொண்டும் செத்துக்கொண்டும்தான் இருந்தார்கள். முடிவில் வஞ்சிக்கு, சேரன் எடுத்த கோயிலுக்குத் தேடிப்போகிற பெண்கள் யார்? கண்ணகியின் காவற்பெண்டு, அடித்தோழி, தேவந்தி, கூட மாதரியின் மகள் ஐயை. அரசனின் முன்னால் நின்று, நாங்கள் அவளுக்கு இன்னார் என்று ஒவ்வொருத்தியும் தன்னைத் தானே சொல்கிறாள். கூத்துத் தெரிந்தவர்கள் இதை உடனே கண்டுகொள்வீர்கள். அது வரவு. கதையெல்லாம் முடிந்த பிறகு இளங்கோ தோழிமாருக்குக் கொடுத்த வரவு. அடித்தோழிக்கு அப்போதும் பெயர் இல்லை, அதை மட்டும் நாங்கள் அவருக்கு விட்டுக்கொடுக்கமாட்டோம்.

டிராகன் ஏஜின் இரண்டாம் பாகம், 2011இல் வந்தது, எங்களுக்கு இதனால்தான் பிடித்துப்போனது. விளையாட்டுக்காரர் பலருக்கு அது பிடிக்கவில்லையாம், ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டார்கள் என்று. குகை எங்களுக்கு ஒரு பொருட்டல்ல. அதில் கூட்டாளிகள் முகாமில் வரிசையாக நின்று காத்திருப்பதில்லை. நகரத்தில் ஆளுக்கொரு இருப்பிடம், ஆளுக்கொரு தொழில். ஒருத்தியின் வீட்டுக்குப் போனால் அங்கே இன்னொரு கூட்டாளி வந்து நாயகனைப் பற்றியல்லாத ஏதோ ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பார். ஆன்டர்ஸ் என்ற கூட்டாளி நாயகனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நகரத்துக் கோயிலையே தகர்த்துவிடுவான். அதற்குப் பிறகு அவனை என்ன செய்வது என்பதுதான் ஆடுகிறவரின் தலையில் விழும். பிடிக்கும், பிடிக்காது என்ற கணக்கையும் அந்தப் பாகத்தில் மாற்றினார்கள். நட்பு ஒரு பக்கம், போட்டி மறுபக்கம். உன்னோடு ஒத்துப்போகாதவளும் கடைசிவரை உன்னோடு நிற்கலாம். முதற்பாகத்தில் பரிசுப் பொருள் வாங்கிக் கொடுத்தே ஒரு கூட்டாளியின் மனதைத் திருப்பிவிடலாம் என்றிருந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சங்கீதக்காரிக்கு நல்ல சப்பாத்துக் கொடுத்தால் கோபம் தீரும். வெளிநாட்டிலிருந்து சொக்லேட் பெட்டியோடு வருகிற சிலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நாங்கள் ரொறொன்ரோக்காரியைப் பார்க்கவில்லை.

அந்தப் பாகத்தின் கதையைச் சொல்வதே ஒரு கூட்டாளிதான். வரிக் என்ற குள்ளன். விசாரணைக்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள், நாயகனைப் பற்றிச் சொல் என்கிறார்கள். அவன் எடுத்த எடுப்பில் புளுகுகிறான். விசாரிப்பவள் மேசையில் அடித்து உண்மையைச் சொல் என்றதும் கதை திரும்பத் தொடங்குகிறது. கட்டியகாரன் அரசனின் வரவைக் கூறிவிட்டு ஒதுங்குகிற கலையில் வளர்ந்த எங்களுக்கு, கட்டியகாரனே முழுக் கதைக்கும் சொந்தக்காரன் ஆவது பெரிய விஷயமாகப் பட்டது. வரிக்கை எழுதியவர் மேரி கேர்பி என்ற பெண். அந்தத் தொடரில் பெரும்பாலும் ஒரு கூட்டாளியை ஒருவரே எழுதுவார்கள், அதனால்தான் ஒவ்வொருவரின் பேச்சும் ஒவ்வொரு மாதிரி. 2023 ஆகஸ்டில் நிறுவனம் சுமார் 50 பேரை வேலையிலிருந்து நிறுத்தியபோது அவரும் அதில் ஒருவர். அடுத்த வருடம் வந்த நாலாம் பாகத்தில் வரிக்கும் இறந்துபோகிறான். (விளையாடப் போகிற பிள்ளைகள் காதைப் பொத்தியிருக்க வேண்டும், பிந்திவிட்டது.) தொடக்கத்திலேயே இறந்துவிட்டவன், நாயகனின் கண்ணுக்கு மட்டும் தெரிந்துகொண்டு கடைசிவரை புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறான். ஆடுகிறவர்களுக்கும் கடைசியில்தான் தெரியவரும். இதைக் கேட்டதும் ரொறொன்ரோக்காரி சிறிது நேரம் தொலைபேசியில் பேசவில்லை. எங்களுக்கும் காரணம் தெரியும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு இந்தப் படுவான்கரையில் எத்தனை வீட்டில் அப்படி ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டாளியைச் சாகடித்துக் கண்ணீர் வாங்குவது எளிய வழி என்று சொல்வாரும் உண்டு. ஜப்பானின் பைனல் ஃபேன்டசி தொடரின் ஏழாம் பாகத்தில், 1997இல், ஏரித் என்ற பெண் கதை பாதி போகும்முன் கொல்லப்படுகிறாள். அவளை எழுப்ப ஏதோ வழி இருக்கிறது என்று பிள்ளைகள் வருடக்கணக்காகத் தேடினார்களாம். நாங்கள் அந்த வாதத்துக்குள் போகவில்லை. எங்களுக்குப் பட்டது ஒன்றுதான்: செத்தவளைத் தேடவைப்பதைவிட, இருக்கிறவளிடம் போய் உனக்கு என்ன பிரச்சினை என்று கேட்கவைப்பது கடினமான எழுத்து.

இனி எங்கள் ஊர் அம்மனிடம் வருவோம். பழுகாமத்தில் திரௌபதை அம்மன் கோயில் இருப்பதும், பாண்டவர் வனவாசமும் தீமிதிப்பும் இங்கே எப்படி நடக்கும் என்பதும் வந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். வனவாசத்தைக் கண்ணீரோடு பார்க்கிறோம். அதற்கு அடுத்த வருடத்தை அவ்வளவாக யோசிப்பதில்லை. பன்னிரண்டு வருட வனவாசம் முடிந்ததும் ஒரு வருடம் ஆருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும். விராடன் அரண்மனையில் சுதேட்டிணை என்ற அரசிக்குத் தலைவாரி, பூத்தொடுத்து, பொட்டிட்டுவிடும் சைரந்திரியாக வேலைக்குச் சேர்கிறாள் திரௌபதை. உனக்கு முன் அனுபவம் என்ன என்று அரசி கேட்க, வியாச பாரதத்தில் அவள் சொல்லும் பதில்: கண்ணனின் மனைவி சத்தியபாமையிடமும், பாண்டவரின் மனைவி திரௌபதையிடமும் இருந்தேன் என்பது. தனக்கே தான் தோழியாக இருந்ததாகச் சொல்கிறாள். நாங்கள் மூவரும் அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அவளுக்கு வேறு சாட்சிக் கடிதம் இல்லை. வேலைக்காக வெளிநாடு போன எங்கள் பெண்கள் எத்தனை பேர், முன்னைய எசமானியின் பெயராக எதைச் சொன்னார்கள்?

பிறகு நடப்பது தெரிந்ததே. அரசியின் தம்பி கீசகன் அவளை இச்சிக்கிறான். அரசிக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, மது எடுத்துவா என்று சைரந்திரியை அவன் வீட்டுக்கு அனுப்புகிறாள். அவள் மறுத்தும் அனுப்புகிறாள். பாரதத்தில் சூதாட்ட மண்டபத்தை எல்லோரும் பேசுகிறோம். அங்கே அவமானப்படுத்தியவர்கள் ஆண்கள். இங்கே அனுப்பியவள் ஒரு பெண், அதுவும் இவள் தினமும் தலைவாரிவிட்ட பெண். அரசியின் பக்கமிருந்து கதை எழுதப்பட்டிருந்தால் இது ஒரு வரியில் முடிந்திருக்கும்: தோழியை ஒரு வேலையாக அனுப்பினாள். தோழியின் பக்கமிருந்து எழுதப்பட்டபடியால் ஒரு பருவத்தையே அது நடுங்கவைக்கிறது. எங்கள் அம்மன் ஒரு வருடம் இன்னொருத்தி கதையில் துணைப்பாத்திரமாக இருந்தவள். எந்தக் கூட்டாளியும் தன் கதையில் நாயகிதான் என்று விளையாட்டு எழுதுகிறவர்கள் இப்போது சொல்லிக்கொள்வதை, நெருப்பில் இறங்குவதற்கு மஞ்சள் துணி கட்டுகிற இந்த ஊர் எப்போதோ ஏற்றுக்கொண்டிருக்கிறது.

கூத்திலும் இது பேசப்படாமல் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனதும், அதில் ஆடிய எங்கள் மட்டக்களப்பு மௌனகுரு பின்னாளில் இந்த மரபுவழி நாடகங்களைப் பற்றி ஆய்வுநூல் எழுதியதும் உங்களுக்குத் தெரிந்தவை. அதற்குப் பின்னர் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலானோர் ஊர்க் கூத்தரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கத்தில், பெண்கள் கூத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி களரியிலேயே வைக்கப்பட்டது. ஆட்டத்தைக் குலைக்காமல் வரியை மாற்றலாம் என்பது அங்கே கண்ட அனுபவம். தோழிக்கு ஒரு வரவு எழுத இங்கிருக்கும் ஒரு பிள்ளைக்கு விருப்பமென்றால், தாளம் சொல்லித்தர எங்கள் நாலாவது கூட்டாளி தயார். கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறோம். இந்த மலரோடு சேர்த்து வெளியிடப்போகும் நூற்றாண்டுப் பதிவேட்டில் சாதாரண தரம் எழுதியவர்களின் பெயர்களே சேர்க்கப்படுகின்றன. பரீட்சைப் பதிவுகள் இருப்பதால் அது இலகு, செயற்குழுவின் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அவள் சாதாரண தரம் எழுதவில்லை. 1990இல் ஆண்டு பத்தோடு நின்றது. குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தங்கச்சிமார் இருவரைப் படிப்பித்தாள், நெல்லுச் செய்தாள், இப்போதும் செய்கிறாள். கணக்கு வீட்டுவேலை எங்களில் இருவருக்கு அவள்தான் செய்து தந்தவள். ஆசிரியைமார் இருக்கிற இடத்தில் இதற்கு மேல் விளக்கம் தரமாட்டோம். இன்றைக்கு வரச் சொன்னதற்கு, சூடடிப்புக்கு மிசின் வருகிறது, உங்களுக்காக அது நிற்காது என்றாள். நாங்கள் வந்து கூப்பிடும்வரை முகாமில் நெருப்புக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருக்கவில்லை.

அவளைப் போல எங்கள் வகுப்பில் மட்டும் பதினேழு பேர். எங்களுக்கு நினைவிருக்கிற முழுப் பெயர், அப்போதைய ஊர், நின்ற வருடம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். மூன்று பேருக்கு முழுப்பெயர் கிடைக்கவில்லை, வீட்டுப்பெயர்தான் தெரியும். 1988ஆம் வருட வகுப்புப் படத்தில் இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் நிற்பவர் யார் என்று தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மற்றவர்கள் எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டோம். மலருக்கான பக்கங்கள் அச்சுக்குப் போவதற்கு இன்னும் மூன்று கிழமை இருப்பதாகச் செயலாளர் சொன்னார். பெயர்ப் பட்டியலைச் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டோம், பொதுக்கூட்டம் சம்மதித்தால் சேர்க்கலாம் என்றார். பொதுக்கூட்டம் இதுதான். தேநீருக்கு எழும்புவதற்கு முன்னர் தலைவி அவர்கள் அதை வாக்குக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறோம். வெற்றுத்தாளும் பேனையும் வாசலடி மேசையில் இருக்கின்றன. ஒவ்வொரு வகுப்பாருக்கும் ஒரு தாள்.